விசா வருமுன் விவரம் வரட்டும்



எங்கள் தெருவில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளைக்குத் துபாயில் கணக்கர் வேலை. மணம் முடிந்த இருபதாம் நாள் அவர் விமானம் ஏறினார். "மூன்று மாதத்தில் விசா வந்துவிடும்" என்று பெண் வீட்டாரிடம் உறுதி கூறப்பட்டது. அந்த மூன்று மாதம் பதினொரு மாதமாக நீண்டது. சம்பளத்தில் குறைவில்லை, வேலைக்கும் பங்கமில்லை. ஜமாஅத் தஃப்தரில் மணமகளின் பெயர் 'பீவி' என முடிந்தது. பாஸ்போர்ட்டிலோ 'பேகம்' என முடிந்தது! சார்பதிவாளர் அலுவலகத்தில் மணத்தைப் பதிய வேண்டுமென்ற நினைவோ கெடு முடியும் தறுவாயில்தான் வந்தது. அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்குமாக அலைந்து, "எப்போது பயணம்?" என்ற கேள்விக்கு அஞ்சி விசேஷ வீடுகளுக்குச் செல்வதையே நிறுத்திவிட்டாள்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதியப்பட வேண்டும். 90 நாட்களுக்குள் பதிவது முறை. தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. அமீரகத்திற்குச் செல்லும் மணச்சான்றில் மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் எனப் படிப்படியாக முத்திரை பெற வேண்டும். அரபி மொழிபெயர்ப்பும் தேவை. ஓர் எழுத்துப் பிழை இத்தனை வாசல்களிலும் நம்மைத் தடுத்து நிறுத்தும்.

அடுத்தது வருமானம். முன்பு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க இன்னின்ன தொழில் என்று பார்த்தனர். 2019இல் அதை மாற்றி வருமானத்தையே அளவுகோலாக்கினர்: மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். இது விசா பெறும் தகுதியே தவிர, குடும்பம் நடத்தப் போதுமான தொகை அன்று. வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீடு, பள்ளிக் கட்டணம் யாவும் இதற்கு மேல்தான்.

சவூதியின் கணக்கு வேறு. அங்கு 2017 ஜூலையில் உடனிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு மக்களும் உடனிருந்தால் ஆண்டுக்கு 14,400 ரியால்! இந்தச் சுமை தாங்காமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியோர் பலர்.

பெண் மக்கள் அறிய வேண்டிய செய்தியும் உண்டு. கணவர் பொறுப்பில் பெறும் விசா, அவருடைய விசாவைச் சார்ந்தே நிற்கும். அவர் வேலை இழந்தால் இதுவும் ஆட்டம் காணும். பிரசவத்திற்கு ஊர் வருவோர், அமீரகத்திற்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்திற்கு மேல் தங்கினால் இருப்புரிமை பொதுவாகச் செல்லாது போகும் என்பதை மறக்கலாகாது. கணவனை இழந்தோரும் மணவிலக்குப் பெற்றோரும் ஓராண்டு தங்கிக்கொள்ள 2018இல் அந்நாடு வழிசெய்தது; இதையும் தெரிந்து வைத்திருப்பது நலம்.

ஆகவே பெற்றோர்களே! மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கும்போதே, "குடும்ப விசாவுக்குத் தகுதி உண்டா? எப்போது அழைத்துக்கொள்வீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அன்று. மணமகனாரே! தகுதி இல்லையெனில் இல்லையென்றே சொல்லுங்கள். பெண் வீட்டாரை மகிழ்விக்கச் சொல்லும் ஒரு பொய், ஒரு பெண்ணின் இளமையில் சில ஆண்டுகளை விழுங்கிவிடும். ஜமாஅத் நிர்வாகிகளே! தஃப்தரில் பெயர் எழுதுமுன் இருவரின் பாஸ்போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

எங்கள் தெருப் பெண் இப்போது கணவருடன் இருக்கிறாள். ஆயினும் அந்தப் பதினொரு மாதத்தை யார் அவளுக்குத் திருப்பித் தருவார்?