நலன் என்ற சொல் நம் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

போன வாரம் காலை நேரலையில் ஒரு தலைப்பு வைத்தோம்: “கெபாஜிக்கான் பணம் உரிமையா, உதவியா?” இந்த மாதிரித் தலைப்புக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து அழைத்த ஓர் அம்மா கேட்டதுதான் மனத்தில் நின்றது. “தம்பி, கவர்மெண்டு கொடுக்குது, வாங்கிக்கிறேன். நாளைக்கு நிறுத்திட்டா, எந்தச் சட்டத்தக் காட்டி நான் கேக்கறது?”

அடுத்து அழைத்த இளைஞர் சட்டென்று பதில் சொன்னார். “அமெரிக்கச் சட்டத்துல ‘பொது நலன்’னு தொடக்கத்துலயே இருக்கு சார். நம்ம சட்டத்துலயும் இருக்கும்.” இருக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். எஸ்பிஎம் வரலாறு படித்தவர்கள்கூட. நேரலையில் இதை விரித்துச் சொல்ல முடியாது, அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிடும். அதனால் இந்த வாரம் இங்கே.

நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்துக்கு முகவுரையே கிடையாது. கூட்டரசின் பெயர், மாநிலங்கள் என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடும். மக்கள் நலனைக் காப்பது அரசின் கடமை என்று ஒரு தனிப்பிரிவும் இல்லை. அந்தச் சொற்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. 1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் வாசித்தாரே, சுதந்திரப் பிரகடனம், அதில். சுதந்திரம், நீதி என்ற கொள்கைகளின் மேல் நின்று, தன் மக்களின் நலனையும் மகிழ்ச்சியையும் என்றும் நாடும் நாடாக மலாயா இருக்கும் என்று அது அறிவித்தது. ஏழுமுறை “மெர்டேக்கா” முழக்கம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் வாசித்த இந்த வரி பலருக்கு நினைவில்லை. பிரகடனம் வாக்குறுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு இலாகாக் கவுண்டரில் பணம் கேட்க முடியாது.

ஏன் அது சட்டத்துக்குள் வரவில்லை? சட்டத்தை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். பிரிட்டனிலிருந்து லார்டு ரீட், சர் ஐவர் ஜென்னிங்ஸ்; ஆஸ்திரேலியாவிலிருந்து சர் வில்லியம் மெக்கெல்; இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக்; பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. இதில் ஜென்னிங்ஸைக் கொஞ்சம் கவனியுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர். அந்த நாட்டின் சுதந்திரகால அரசியலமைப்புக்குப் பின்னால் இருந்த மூளையும் அவருடையதுதான். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இந்திய அரசியலமைப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதில் அவர் கிண்டலடித்த பகுதிகளில் ஒன்று, அரசு மக்கள் நலனுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ‘வழிகாட்டும் நெறிமுறைகள்’. இங்கிலாந்தின் பழைய சோசலிசச் சிந்தனையாளர்களின் கனவு இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் கேலி. நான்கு ஆண்டு கழித்து அவரே கோலாலம்பூரில் நமக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தார். அவர் ஒருவரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த மேசையில் இந்தப் பேச்சு எப்படி எடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

அப்படியானால் ‘நலன்’ நம் சட்டத்தில் வரவே இல்லையா? வருகிறது. கடைசியில், ஒன்பதாவது அட்டவணையில். எந்த விஷயத்துக்கு மத்திய அரசு சட்டம் இயற்றலாம், எதற்கு மாநிலம் இயற்றலாம் என்று பிரிக்கும் பட்டியல் அது. இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் முதல் இடம் ‘சமூக நலன்’. (பினாங்குக்காரர்களுக்கு ஒரு கொசுறு: ஆறாவது இடத்தில் நடமாடும் அங்காடி வியாபாரிகள் இருக்கிறார்கள்.) மத்திய அரசின் பட்டியலைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். தொழிலாளர் நலன், முதலாளி தொழிலாளிக்குக் கட்டிக்கொடுக்கும் வீடு, வேலையில்லாக் காப்புறுதி, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் முதியவர்களுக்கும் ஓய்வூதியம் என்று எல்லாம் 1957-லேயே வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் பட்டியல் என்பது ‘செய்யலாம்’ என்ற அனுமதி. ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற கட்டளை இல்லை. சமையலறையில் அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் இருக்கிறது. சமைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேலையில்லாக் காப்புறுதி என்ற சொல் பட்டியலில் அறுபது ஆண்டு காத்திருந்து, 2018-இல்தான் சொக்சோ நடத்தும் இஐஎஸ் திட்டமாக வந்தது. தோட்டத்து லயன் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990-இல் தனிச் சட்டம் வந்தது. எல்லா முதியவருக்குமான பொது ஓய்வூதியம் இன்னும் பட்டியலோடு நிற்கிறது. இன்று கொடுக்கப்படும் முதியோர் உதவி வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது; 2021-இல் அது மாதம் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆனது ஒரு பட்ஜெட் அறிவிப்பால்தான். பட்ஜெட் உயர்த்தியதைப் பட்ஜெட் குறைக்கவும் முடியும். 2008-க்குப் பிறகு பினாங்கு மாநில அரசு மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட் கொடுக்கத் தொடங்கியதும் இதே வகைதான். மனம் இருந்தது, கொடுத்தார்கள்.

அந்த இளைஞர் சொன்ன அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ‘பொது நலன்’ இரண்டு இடத்தில் இருக்கிறது. முகவுரையில் ஒன்று, வரி வசூலிக்கும் அதிகாரத்தைச் சொல்லும் இடத்தில் ஒன்று. சண்டை இரண்டாவதைப் பற்றி. அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் முக்கியமானவரான மேடிசன், அந்தச் சொல் தனியாக எந்த அதிகாரமும் தராது, கீழே பட்டியல் போட்ட வேலைகளுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்றார். ஹாமில்டன், இல்லை, நாட்டின் பொது நலனுக்கு எதுவானாலும் செலவழிக்கலாம் என்றார். மேடிசன் அதிபரானபின், பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1817-இல், சாலையும் கால்வாயும் போட வந்த மசோதாவையே இந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்துத்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹாமில்டன் பக்கம் சாய்ந்தது. 1937-இல் முதியோர் ஓய்வூதியத் திட்டம் செல்லும் என்றது. கவனியுங்கள், அங்கேயும் நீதிமன்றம் சொன்னது ‘அரசு கொடுக்கலாம்’ என்றுதான். ‘கொடுத்தே தீர வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஆக, அமெரிக்கச் சட்டத்தைக் காட்டினாலும் பட்டர்வொர்த் அம்மாவுக்குப் பலனில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் இந்தியாதான். அங்கே மக்கள் நலனைப் பேணுவது அரசின் கடமை என்று 38-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு முந்தைய 37-ஆவது பிரிவு, இதையெல்லாம் நீதிமன்றம் கட்டாயப்படுத்தி வாங்கித்தர முடியாது, ஆனால் ஆட்சிக்கு இதுவே அடிப்படை என்கிறது. இது என்ன இரண்டுங்கெட்டான் என்று கேட்கத் தோன்றும். ஜென்னிங்ஸுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். சேலத்தில் வறட்சியால் வேலை இழந்த ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளி, 1961-இல் பம்பாய்க்குப் போனார். இரசாயனத் தொழிற்சாலையில் தினக்கூலி. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் போட்ட குடிசை, அதற்கும் ஒரு ரௌடிக்குப் பணம். 1981 ஜூலையில் குடிசையைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரிலேயே இருக்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பவும் அதே நடைபாதைக்கு வந்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் அறியப்படும் வழக்கில் இவரும் ஒரு மனுதாரர். 1985-இல் இந்திய உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. அதற்குக் கைகொடுத்தவை, ‘கட்டாயப்படுத்த முடியாத’ அந்த நெறிமுறைகள்தான். வேடிக்கை என்னவென்றால், கொள்கையில் வென்றவர்கள் வழக்கில் தோற்றார்கள். முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றது அதே தீர்ப்பு.

இன்னொன்று நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே பேசியது: தமிழ்நாட்டின் இலவசக் கலர் டிவி. 2006-இல் தி.மு.க. டிவி, 2011-இல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. வரிப்பணத்தில் ஒரு வீட்டின் கூடத்துக்கு டிவி வாங்கிக்கொடுப்பது எப்படிப் ‘பொது நோக்கம்’ ஆகும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2013 ஜூலையில் நீதிபதி பி. சதாசிவமும் நீதிபதி ரஞ்சன் கோகோயும், இவையும் வழிகாட்டும் நெறிமுறைகளின் கீழ் வரும், எது பொது நோக்கம் என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்றார்கள். 2022-இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும்படி மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. எனக்கு 2013 தீர்ப்பு சரியென்றே படுகிறது. அம்மியில் அரைத்த கைக்குத்தான் மிக்ஸியின் நலன் தெரியும். அதை அளக்க நீதிபதிக்கு வழியில்லை.

மலேசியாவில் அந்த விளக்கம் எப்படி வந்தது? நெறிமுறைகள் இல்லாததால், நீதிபதிகள் ‘உயிர்’ என்ற சொல்லையே நம்ப வேண்டியிருந்தது. 1996-இல் தான் டெக் செங் என்ற ஆசிரியரின் வழக்கு. நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்காக வேலை பறிபோனது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம், 5-ஆவது பிரிவில் சொல்லப்படும் உயிர் வெறும் மூச்சு இல்லை, பிழைப்பும் வாழ்வின் தரமும் அதில் அடங்கும் என்று எழுதினார். வேலைநீக்கம் பதவிக் குறைப்பாக மாறியது. 2002-இல், சபாவில் தொழில்புரிந்த வழக்கறிஞர் சுகுமார் பாலகிருஷ்ணன் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் கதவைப் பாதி சாத்தியது. இத்தனை விரிவான பொருள் வேண்டாம் என்றது. 2009, 2010 தீர்ப்புகளில் திரும்பவும் திறந்தது. அப்போது கூட்டரசு நீதிமன்றத்தில் அமர்ந்து அவற்றை எழுதியவரும் கோபால் ஸ்ரீராம்தான். 2023 ஜனவரியில் அவர் மறைந்தபோது நம் பத்திரிகைகள் அவர் வாதாடிய அரசியல் வழக்குகளைத்தான் அதிகம் எழுதின. எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

இதிலிருந்து அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? ‘கொடு’ என்று கேட்க இன்னும் வழி இல்லை. ஆனால் கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தும்போது காரணமில்லாமல், ஆள் பார்த்து நிறுத்தக்கூடாது என்று வாதிடலாம். அதற்கு நீதித்துறை மறுஆய்வு கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டும். முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். அதனால் எந்தக் கடிதம் வந்தாலும் தேதியோடு பத்திரப்படுத்தி, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் காட்டுங்கள். “பேரனிடம் கொடுத்தேன், எங்கே வச்சான்னு தெரியல” என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம்.

இதையெல்லாம் ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் சொல்லி, பிரகடனத்தில் இருக்கும் வரியை அப்படியே சட்டத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பொது நலன்’ கொடுக்க மட்டும் பயன்படும் சொல் இல்லை, பிடுங்கவும் பயன்படும் என்றார். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தினார்கள். நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நல்லது என்று மாநில அரசு கருதினாலே போதும், ஒருவர் நிலத்தை எடுத்துத் தனியாருக்கும் கொடுக்கலாம். யார் நலன், யார் கருதுவது என்ற கேள்வி அங்கே சட்டத்துக்குள்ளேயே முடிந்துபோகிறது.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2009-இல் குளுகோரில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். மாடும் தொழுவமுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த தமிழ்க் கிராமம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சுற்றித்தான் வாதம் ஓடியது. இந்தக் குடும்பங்கள் எங்கே போகும் என்பதைக் கேட்கச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. பம்பாய் நடைபாதைக்காரர்கள் தோற்றாலும், அவர்களுடைய பிழைப்பு என்ன ஆகும் என்பதை நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. அந்த வித்தியாசத்துக்காகவே எனக்கு அந்த வரி வேண்டும். கட்டாயப்படுத்த முடியாத வரியாக இருந்தாலும் பரவாயில்லை. பிடுங்கப் பயன்படுத்த முடியாதபடி, வீடு, பிழைப்பு, முதுமை என்று பெயர் சொல்லி எழுதிவிட்டால் நண்பரின் பயமும் பாதி குறையும்.

ருக்குன் நெகாராவை அரசியலமைப்பின் முகவுரையாக வைக்க வேண்டும் என்று 2017-இல் சிலர் இயக்கம் நடத்தினார்கள். அதில் நாட்டின் செல்வம் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்ற வரி உண்டு. அது அத்தோடு அடங்கிப்போனது. சட்டத்தைத் திருத்த மக்களவையின் 222 பேரில் 148 பேர் ஆதரிக்க வேண்டும், பிறகு மேலவை. பினாங்கிலிருந்து போகிறவர்கள் 13 பேர். அவர்களில் ஒருவரையாவது அடுத்த மாதம் ஒலிபரப்புக் கூடத்துக்கு அழைத்து இதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கேள்விகளை இப்போதே எழுதி அனுப்புங்கள். சுருக்கமாக, முடிந்தால் உங்கள் தொகுதிப் பெயரோடு.