‘பதிவு பெற்றது’ என்றால் என்ன பொருள்?

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

சங்ககிரிக் கடைவீதியில் நடக்கும்போது பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவது என் வழக்கம். லாரி பைனான்ஸ், நகைக்கடன், ஏலச்சீட்டு என்று எத்தனையோ பலகைகள்! சிலவற்றில் பெயருக்குக் கீழே ‘அரசு பதிவு பெற்றது’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். பட்டம் பெறப் போகிற நாமே அதைக் கண்டதும், அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். பள்ளிக்கூடமே போகாத என் அம்மா அப்படி எண்ணியதில் வியப்பென்ன?

அப்பா வடநாட்டு லைனில் லாரி ஓட்டுபவர். அம்மா விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றுகிறார். நான் பிளஸ் ஒன் படித்தபோது அம்மா ஒரு சீட்டில் சேர்ந்தார். இருபது பேர், மாதம் 5,000, சீட்டுத் தொகை ஒரு லட்சம். என் மேற்படிப்புக்காகக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏலமே கேட்காமல் கட்டி வந்தார். பதின்மூன்றாம் மாதம் சீட்டுக்காரர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஏலத் தள்ளுபடி போக அம்மா அதுவரை கட்டியது 52,000 ரூபாய்.

இதில் என் பங்கும் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். சேர்ந்த அன்று அம்மா சீட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “கண்ணு, பதிவு நம்பர் இருக்குதா பாரு” என்றார். 33 என்று தொடங்கும் பதினைந்து இலக்க எண் இருந்தது. “இருக்குதும்மா” என்றேன். பிறகு காவல் நிலையத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இது அவருடைய துணிக்கடை ஜி.எஸ்.டி. நம்பரம்மா” என்றார். வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. படித்துச் சொன்னதும் நானே!

அதன் பிறகுதான் சட்டங்களைத் தேடிப் படிக்கலானேன். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு பிரிவைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போய்விடும். படித்ததில் தெரிந்தது இதுதான்: பதிவு என்பது ஒன்றல்ல, பல. ஜி.எஸ்.டி. பதிவு வரி வசூலித்துக் கட்டுவதற்கு மட்டும். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்தால், பங்காளிகள் இன்னார் என்று ஏட்டில் ஏறுகிறது, அவ்வளவே. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பதிவு செய்வது பிறப்புச் சான்றிதழ் வாங்குவது போன்றது. பிறந்த பிள்ளை யோக்கியனாக வளர்வான் என்று எந்த அலுவலகமும் அதில் எழுதித் தருவதில்லையே!

சீட்டு நடத்த வேண்டுமானால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியே முன் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைச் சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையும் கட்ட வேண்டும். நிதித் தொழில் நடத்தும் தனி ஆளும் கூட்டாண்மையும் பொதுமக்களிடம் வைப்புத் தொகை வாங்கவே கூடாது என்கிறது ரிசர்வ் வங்கிச் சட்டம். நிறுவனமாக இருந்தாலும் அதற்கென்று தனி அனுமதி வேண்டும். ஆக, பலகையில் உள்ள சொல் பொய்யன்று; ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது விடையுமன்று. இந்த இடைவெளியில்தான் மோசடி குடியிருக்கிறது.

பெருந்துறை ஈமுக் கதை நம் பக்கத்தில் அனைவரும் அறிந்ததே. சுசி ஈமு நிறுவனமும் ‘பிரைவேட் லிமிடெட்’தான். ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஆறு குஞ்சுகள், மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 போனஸ், முடிவில் முதலும் திரும்பும் என்றார்கள். கணித மாணவி என்ற முறையில் போட்டுப் பார்த்தேன்: ஆண்டுக்கு 92,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு 61-க்கு மேல். பறவையை விற்கச் சந்தையே இல்லாதபோது இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அடுத்து வருபவனின் ஒன்றரை லட்சத்திலிருந்துதான் வர முடியும். 2012-இல் ஆள் வரத்து நின்றது; எல்லாம் நின்றது.

உடனே ‘பேராசை பெருநஷ்டம்’ என்பார்கள். எனக்கு இந்தப் பழமொழி மேல் கோபம் உண்டு. மழை பொய்த்த காட்டை வைத்துக்கொண்டு மாதம் ஆறாயிரம் வேண்டும் என்று நினைத்தது பேராசையா? என் அம்மா வட்டிக்கும் ஆசைப்படவில்லை. தம் கூலியைத் திரட்டத்தான் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு, நிறுவனத்தின் பல்லைப் பிடித்துப் பார்க்க ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்தக் காயத்திலிருந்தே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1978-இல் பணச் சுழற்சித் திட்டங்களுக்குத் தடை வந்தது. தமிழக நிதி நிறுவனங்கள் வரிசையாய்ச் சரிந்தபோது, 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்க நம் மாநிலம் தனிச் சட்டம் செய்தது. அது செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. சொத்தை முடக்கலாம், பத்தாண்டு வரை சிறையில் வைக்கலாம். ஆனால் பெரும்பாலும் பணம் திரும்பாத பின்னரே அச்சட்டம் எழுந்து வரும். திருப்பூர் பாசி நிறுவனம் 2009-இல் வீழ்ந்தது. நடத்தியவர்களுக்கு 27 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது 2022-இல். இடையில் பதின்மூன்று ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளில் ஒரு குழந்தை வளர்ந்து பள்ளியையே முடித்துவிடும்.

மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகையில் வேறானது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் தொகையைக் கேட்பதே குற்றம் என்கிறது. ஏமாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கேட்பவர் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவரா என்று தார் சுற்றும் பெண்ணுக்கு யார் சொல்வது? ரிசர்வ் வங்கி ‘சசேத்’ என்ற இணையதளம் வைத்திருக்கிறது. அப்பெயரை நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், அறிந்தவர் எவருமில்லை.

சேலத்திலும் நாமக்கல்லிலும் சட்டக் கல்லூரிகள் உண்டு. அங்கு நிதிக் குற்றங்களை ஆராய்வோர், தீர்ப்புகளோடு நின்றுவிடாமல், ஒரு கடைவீதியின் பலகைகளைக் குறித்துக்கொண்டு எது எந்தப் பதிவு என்று தமிழில் எழுதினால் அதுவே நல்ல ஆராய்ச்சி என்பேன். அனுமதி பெற்ற சீட்டுகளின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் வேண்டுமா? பசை போதுமே! நம் நாட்டு நலப்பணித் திட்டத்தார் மரம் நடுவதோடு இதையும் ஏற்கலாம்.

சென்ற மாதம் பட்டறையில் புதிய சீட்டொன்று தொடங்கினார்கள். அம்மா புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, “இது கடைப் பதிவா, சீட்டுப் பதிவா?” என்று கேட்டிருக்கிறார். “நம்மளுக்குள்ள என்னக்கா பதிவு?” என்று சிரித்தார்களாம். அம்மா சேரவில்லை. உடன் வேலை செய்பவர்களில் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.