புட் அப்பும் போட்டுக் கொடுப்பதும்



ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூறு ஃப்ரேசல் வெர்ப் மனப்பாடமாம். பழைய மாணவி ஒருத்தி பட்டியலை அனுப்பியிருந்தாள். 'புட் அப்' ஒன்றுக்கே ஐந்து பொருள்: கூடாரம் அடிப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, விலையை ஏற்றுவது, ஒருவரைத் தங்க வைப்பது, 'வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது. "லாஜிக்கே இல்லையே சார்" என்கிறாள்.

நம்மிடம் மட்டும் இருக்கிறதா? கடையில் "கொஞ்சம் போட்டுக் கொடுங்க அண்ணாச்சி" என்றால் கூடுதலாகக் கிடைக்கும். தம்பியை அப்பாவிடம் போட்டுக் கொடுத்தால் அவனுக்கு அடி கிடைக்கும். ரகசியத்தைப் போட்டு உடைக்கிறோம். தெரிந்த மாதிரிப் பேசிப் போட்டு வாங்குகிறோம். 'போடு' என்ற சொல்லை அகராதியில் மட்டும் பார்த்த வெள்ளைக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார். 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட இடையன்குடி கால்டுவெல் (நம் கொற்கையைத் தோண்டிப் பார்த்தவரும் அவர்தான்) இதையெல்லாம் பட்டியல் வைத்தா படித்திருப்பார்? ஜனங்கள் பேசக் கேட்டுத்தான் பழகியிருப்பார்.

'அப்' என்றால் மேலே என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதுதான் கோளாறு. 'டிரை அப்' வற்றிப் போவது, 'சில்ட் அப்' தூர்ந்து போவது. இதில் மேலே எங்கே வந்தது? முழுக்க ஆகிவிட்டது என்று காட்ட நாம் 'போ' சேர்க்கிறோம், அவர்கள் 'அப்' சேர்க்கிறார்கள். எல்லா இடத்திலும் 'போ' பொருந்தாது. 'ஈட் அப்' என்றால் சாப்பிட்டு விடு. தாமிரபரணி வண்டலில் கொற்கைத் துறைமுகம் தூர்ந்து போய், கடல் இன்று சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. வகுப்பில் இதைச் சொன்ன பிறகு 'சில்ட் அப்'பை யாருக்கும் இரண்டாம் முறை சொல்லவேண்டி வந்ததில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. அரசு அலுவலகத்தில் "ஃபைலைப் புட் அப் பண்ணியாச்சு" என்பார்கள். அதற்குப் பிறகு நாம் செய்ய வேண்டியது புட் அப் வித்!

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகள் இருக்கின்றன. எனக்கு இது பொறுக்கவில்லை. பிள்ளைக்குக் கைகொடுக்கிற தமிழைப் பூட்டி வைத்துவிட்டு நூறு வரியை ஒப்பிக்கச் சொல்கிறோம். நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம் ஏழாம் வகுப்பிலேயே உள்ளே இறங்கிவிட்டது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கு ஐந்து மட்டும் நடத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் முதலில் வீட்டுத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான் விட்டுப்போன 'போடு'கள் நினைவுக்கு வந்தால் கீழே எழுதுங்கள்.