தானாக வந்துவிடாது

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரும் கம்ப்யூட்டர் சொல்லித்தர வேண்டாம், ஃபோனைத் தட்டித் தட்டித் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யூடியூபில் அடுத்த வீடியோவுக்குத் தாவுவது கணினி அறிவு இல்லை. அப்படித் தாவ வைப்பதற்கென்றே செய்யப்பட்ட திரை அது. அதே பிள்ளையிடம் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து, பெயரிட்டுச் சேமித்து, மறுநாள் அந்தக் கோப்பைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். திணறிப்போகும்.

டெல்லி கல்காஜியில் 1999இல் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் கணினி பதித்த சோதனையைச் சான்று காட்டுகிறார்கள். பிள்ளைகள் தாமாகவே பழகினார்கள், உண்மைதான். ஆனால் கூட இருந்து கேள்வி கேட்டு ஊக்குவிக்கப் பெரியவர்களை இணையம் வழியே பின்னாளில் ஏற்பாடு செய்தவரும் அதே மித்ராதான். இதை ஏன் சொல்வதில்லை?

சீமோர் பேப்பர்ட் குழுவினர் 1967இல் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ நிரல்மொழியைப் பாருங்கள். 50 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு; இதை நான்கு முறை சொன்னால், திரையில் நகரும் 'ஆமை' என்ற குறி சதுரம் வரையும். முக்கோணம் வரைய 60 பாகை கொடுக்கும் பிள்ளைக்கு உருவம் மூடாமலே நின்றுவிடும். ஏன் 120 என்று அது யோசிக்கும் நேரம்தான் பாடம். அப்போது பக்கத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

வசதியுள்ள வீட்டில் அப்பாவோ அக்காவோ சொல்லித்தருவார்கள். மற்ற பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரை சரியானது; கைக்குழந்தைக்காக நான் வாதாடவில்லை. மூன்றாம் வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம், சொல்லித்தரத் தெரிந்த ஓர் ஆசிரியர்: அதைத்தான் கேட்கிறேன்.