வீடும் பள்ளியும்: காயம் ஆறிவிட்டது, பிள்ளை தேறிவிட்டானா?



மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று நம் தோட்டப்புறங்களில் அரிது. அப்பா ஓட்டுவார். முன்னால் ஒரு பிள்ளை நிற்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். ஜாசின் பக்கமானாலும் அலோர் காஜா பக்கமானாலும் இந்தக் காட்சியைக் காணலாம். “பக்கத்துக் கடைக்குத்தானே” என்று தலைக்கவசம் வீட்டு ஆணியிலேயே தொங்கும்.

விபத்து நடந்து, பல நாள் மருத்துவமனையில் கிடந்து, பிள்ளை உயிரோடு வீடு திரும்பினால் நாம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். மழித்த தலையில் முடி வளர்ந்து தழும்பும் மறைந்துவிடும். ஆனால் சில மாதம் கழித்து அதே வீட்டில், “இவனுக்குத் திமிர் ஏறிவிட்டது, சொன்ன பேச்சே கேட்பதில்லை” என்று பிரம்பை எடுக்கிறார்கள். வகுப்பறையிலோ “சோம்பேறி” என்ற பட்டம் கிடைக்கிறது. இரண்டும் தவறு. வெளிக்காயம் ஆறிவிட்டாலும் மூளைக்காயம் இன்னும் ஆறவில்லை என்பதே உண்மை. இது தெரியாமல் அடி வாங்கி, பள்ளியை வெறுத்து, இடைநிலைப்பள்ளியோடு நின்றுபோகும் பிள்ளைகளுக்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

ஒரு பிள்ளை நன்றாகத் தேறுவதும் இன்னொரு பிள்ளை பின்தங்குவதும் எதனால்?

அடியின் கடுமை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். நோயாளி கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை புள்ளி கொடுப்பார்கள். 8 அல்லது அதற்கும் குறைந்தால் கடுமையான காயம். சிறு குழந்தைகளுக்கு இதையே சற்று மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். புள்ளி மட்டுமன்றி, எத்தனை நாள் நினைவின்றிக் கிடந்தான், கண் விழித்த பிறகும் எத்தனை நாள் நேற்று நடந்தது தெரியாமல் குழம்பினான் என்பதும் முக்கியம். அந்த நாட்கள் நீள நீள, தேறுவதும் கடினமாகும். ஆகவே அவற்றைக் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்பார்.

முதல் சில மணி நேரம்

மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. உள்ளே மூளை வீங்கினாலோ இரத்தம் கட்டினாலோ இடம் இருக்காது. மூச்சுத் திணறி உயிர்வாயு குறைந்தால், முதல் அடியில் தப்பிய பகுதியும் கெடும். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுத்தை மடக்கித் தூக்கி, இன்னொரு மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். 999-ஐ அழையுங்கள். விழுந்த பிள்ளை எழுந்து விளையாடினாலும், பிறகு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ நீர் வடிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

வயது

“சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் தேறிவிடும்” என்று எல்லாரும் சொல்வோம். 1930-களில் அமெரிக்க மருத்துவர் மார்கரெட் கென்னர்ட் குரங்குகளிடம் செய்த சோதனைகளும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தன. பிற்கால ஆராய்ச்சியோ வேறு பாடம் சொல்கிறது. மூளை முழுவதும் அதிரும்படி அடிபட்டால், மிகச் சிறிய பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பெரிய பிள்ளை கற்றதை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு பிள்ளையோ இனிமேல்தான் எல்லாவற்றையும் கற்க வேண்டும். வேர்விடும் நாற்றில் விழுந்த வெட்டும், வளர்ந்த மரத்தில் விழுந்த வெட்டும் ஒன்றாகுமா?

குறை தாமதமாகத் தெரிவதும் இதனால்தான். ஐந்து வயதில் அடிபட்டவன் முதலாம் ஆண்டில் மற்றவர்களைப் போலவே இருப்பான். திட்டமிட்டுப் படிக்க வேண்டிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் தடுமாறுவான். அப்போது பழைய விபத்து யாருக்கும் நினைவில் இருக்காது. பள்ளி மாறும்போது புதிய ஆசிரியரிடம் அதைச் சொல்லுங்கள்.

வீடு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அடிபட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், வீட்டு நிலையும் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பாதிக்கிறது என்று கண்டார்கள். கடுமையாக அடிபட்ட பிள்ளைகளுள், வறுமையும் சச்சரவும் நெருக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் அதிகம் பின்தங்கினார்கள். இது நமக்கு எச்சரிக்கை. அதோடு ஆறுதலும்கூட. ஏனெனில் அடியின் கடுமையை நம்மால் மாற்ற முடியாது, வீட்டை மாற்ற முடியும். அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். “குளி, உடுத்து, பையை எடு” என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டும் மனத்தில் நிற்கும். எழுவது, உண்பது, படிப்பது, உறங்குவது இவற்றை நேரத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிற்பகலில் ஓய்வு கொடுங்கள். கோபத்தில் கத்தினால் நீங்களும் கத்தாமல், அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அவர் அனுமதிக்கும் வரை பந்தாட்டமும் மரம் ஏறுவதும் வேண்டாம். இரண்டாவது அடி முதலாவதைவிடப் பொல்லாதது.

பயிற்சியும் பள்ளியும்

முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு மெதுவாகும், ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடரும். ஆகவே நடைப்பயிற்சி, பேச்சுப்பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி ஆகியவற்றுக்கு மருத்துவமனை கொடுத்த நாளைத் தவற விடாதீர்கள். ஒருநாள் சம்பளம் போகிறதே என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஒருநாளை விட்டால் பிள்ளைக்கு நட்டம் பெரிது. கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட சொக்சோ துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தைப் பலர் அறிவீர்கள். அது சந்தா கட்டும் தொழிலாளர்களுக்காக எழுந்தது. பிள்ளைகளுக்கு வழி அரசாங்க மருத்துவமனைதான். 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. அருகில் எங்கே இருக்கிறது என்று சமூகநல இலாகாவில் விசாரியுங்கள்.

நீடித்த குறை உள்ள பிள்ளைக்கு, 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்படி அதே இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். “ஊர் என்ன சொல்லும்?” என்று கூசாதீர்கள். அது பிள்ளையின் உரிமைச் சீட்டு. 2019 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி அமைச்சின் கொள்கைப்படி, சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் அரசாங்கப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். அடிபட்ட பிள்ளை முதலில் அரைநாள் வரட்டும். முன் வரிசையில் அமரட்டும். தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்போம். பத்து மணிக்கே மேசையில் தலை சாய்த்தால், மூளை களைத்துவிட்டது என்று அறிவோம்.

கடைசியாக, மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1973 முதல் இருக்கிறது. அப்பாவின் தலைக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. அடுத்த சம்பளத்தில், பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் அளவில், சிரிம் முத்திரை உள்ள ஒன்றை வாங்குங்கள். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அதை மாட்டி, தாடைவாரையும் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.