ஐரிஷ் கிரீமும் பாக்கெட் சாராயமும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் புதுச்சேரி வீடுகளில் ஒரு செய்முறை கைமாறும்: விஸ்கி, ஃப்ரெஷ் கிரீம், மில்க்மெய்டு, காபித்தூள், கோகோ. மிக்சியில் ஒரு சுற்று, ஃபிரிட்ஜில் ஒரு இரவு. ஐரிஷ் கிரீம் தயார். தேங்காய்த்திட்டில் எங்களுக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தோம், நன்றாகவே இருந்தது. இதற்குப் பெயர் ரசனையாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள். இதற்குப் பெயர் மட்டும் ஒழுக்கக்கேடு! குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று கேட்டவர்களை நாம் மறக்கவில்லை.

விஸ்கி கடைச் சரக்கு, பாதுகாப்பானது என்பார்கள். நாமும் அதைத்தான் சொல்கிறோம். அதை வாங்கக் காசில்லாதவன்தான் பாக்கெட்டுக்குப் போனான். அதில் இருந்தது மெத்தனால். உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணைப் பறித்து உயிரையும் பறிக்கும். சேரி அடுப்பில் அதைக் காய்ச்ச முடியாது தோழர்களே, அது ஆலைச் சரக்கு. 2023 மே மாதம் நமக்குப் பக்கத்திலிருக்கும் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மீனவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான்.

கருணாபுரத்துக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள்தண்டனை வரை கொண்டுவந்தார்கள். சரி. எந்த ஆலையிலிருந்து எத்தனை லிட்டர் மெத்தனால் வெளியே போகிறது என்ற கணக்கை மாவட்டந்தோறும் வெளியிடச் சொல்லி மனுப் போடுங்கள்.