தலைவெட்டியான் பாளையம் வர்ற வெள்ளிக்கிழமை

இந்த வாரம் தக்காளி விலையும் இல்லை, யானையும் இல்லை. ஒரு நாடகத்தைப் பத்தி எழுதப் போறேன். இவனுக்கு வேலை இல்லையான்னு நினைக்காதீங்க, படிச்சுட்டுச் சொல்லுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை, 2024 செப்டம்பர் 20, அமேசான் பிரைம்ல 'தலைவெட்டியான் பாளையம்'னு ஒரு தமிழ்த் தொடர் வருது. எட்டு பகுதி. டிரெய்லர் வந்ததுல இருந்து எங்க டீக்கடையில இதே பேச்சுதான். பேரைக் கேட்டதும் எனக்கு சேலத்து தலைவெட்டி முனியப்பன்தான் ஞாபகம் வந்தார். 2022ல, அது முனியப்பன் இல்லை, புத்தர் சிலைன்னு ஹைகோர்ட்டே சொன்ன கோயில். ஆனா இது கோயில் கதை இல்லை, பஞ்சாயத்து ஆபீஸ் கதை. பட்டணத்துப் பையன் ஒருத்தன் வேற வேலை கிடைக்காம கிராமத்துக்கு ஊராட்சி செயலரா வந்து முழிக்கிறான். காமெடின்னு சொல்றாங்க.

நான் காத்திருக்கிறது காமெடிக்காக மட்டும் இல்லை. எடுத்தவர் நாகா. 'மர்மதேசம்' எடுத்தாரே, அவரேதான்.

97, 98ல சன் டிவியில 'விடாது கருப்பு' வந்தப்ப எங்க ஊர்ல கேபிள் மூணே வீட்லதான். அதுக்கு முன்னாடி ஆண்டெனாவைத் திருப்பினா பெங்களூர் தூர்தர்ஷன்தான் வரும், கன்னடத்துல பார்த்துக்கணும். கருப்பு வர்ற அன்னிக்கு சாயங்காலமே களி கிண்டி வச்சிட்டு, கேபிள் இருக்கிற வீட்டுத் திண்ணையில போய் இடம் பிடிப்போம். முடிஞ்சு திரும்பி வர்றப்ப புளியமரத்தடியில ஒருத்தரும் தனியா நடக்க மாட்டாங்க. அடுத்த வாரம் வரைக்கும் யாரு அந்தக் குதிரையில வர்றதுன்னு களை எடுக்கிற இடத்துல எல்லாம் சண்டை. இப்ப எட்டையும் ஒரே நாள்ல கொட்டிடறாங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துட்டு காலையில கண்ணு சிவந்து வந்து முடிவைச் சொல்லிடறான். பேச என்ன இருக்கு?

அந்த விடாது கருப்புல நடிச்ச சேத்தனும் தேவதர்ஷினியும்தான் இதுலயும். அப்புறம் நிஜத்துலயே கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடி. இதுல பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுப் புருசன் பொண்டாட்டியா வர்றாங்க. கிராமத்தை வச்சு எங்களைப் பயமுறுத்தின ஆளு, அதே ரெண்டு பேரை வச்சு, கால் நூற்றாண்டு கழிச்சு சிரிக்க வைக்க வர்றாரு. அதனாலதான் ஆசை.

மூலக்கதை இந்தி, 'பஞ்சாயத்'. 2020ல கொரோனா அடைப்புல முதல் சீசன் வந்துச்சு, 2024ல மூணாவது. எங்க பக்கம் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த உத்தரப்பிரதேசம், பிகார் பசங்க லைன் வீட்ல அஞ்சாறு பேரா இருக்காங்க. அவங்க போன்ல பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சதைப் பார்த்துத்தான் நானும் உட்கார்ந்தேன். எனக்கு இந்தி அரைகுறை. ஒரு பையன் பாதிக் கதையை கையிலயும் வாயிலயும் சொல்லுவான். "அங்கிள், இது எங்க ஊரேதான்" அப்படின்னான். ரெண்டாவது சீசன் கடைசியில, துணைத்தலைவரோட மகன் ராணுவத்துல செத்து ஊருக்கு உடம்பு வரும். அதுவரைக்கும் சிரிச்ச பசங்க ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஒருத்தன் எழுந்து வெளியே போய் வீட்டுக்கு போன் போட்டான்.

அந்தக் கதையில ஜெயிச்ச தலைவர் மனைவி, வேலை பார்க்கிறது புருசன். முதல் சீசன் கடைசியில குடியரசு தினத்துக்கு அந்தம்மாவே கொடி ஏத்தி தேசிய கீதம் பாட வேண்டி வரும். அதுக்கு அவங்க படுற பாடுதான் காமெடி. இதுக்கு நாம உத்தரப்பிரதேசம் வரைக்கும் போகணுமா? தமிழ்நாட்டுல 2016லயே உள்ளாட்சியில பெண்களுக்குப் பாதிக்குப் பாதின்னு சட்டம் ஆயிடுச்சு. நாற்காலி அவங்களுக்கு வந்துச்சு. அதுல உட்கார்ந்து வாயைத் திறக்கத்தான் இடம் இல்லை.

போன மாசம் ஆகஸ்ட் 15 கிராம சபை. எந்த ஊருன்னு கேட்காதீங்க. தலைவரம்மா நடுவுல உட்கார்ந்திருந்தாங்க, புருசன் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தாரு. ஏரிக்கால்வாயில முள்ளு எடுக்கிறதைப் பத்தி ஒருத்தர் கேட்டாரு. அந்தம்மா "அது வந்து"ன்னு ஆரம்பிச்சாங்க. புருசன் மேல விழுந்து மீதியைச் சொன்னாரு. அடுத்து தெருவிளக்கு. அதுக்கும் அவரே. மூணாவது கேள்விக்கு ஒரு பாட்டி எழுந்து, "ஏப்பா, நாங்க ஓட்டு போட்டது உனக்கா அவளுக்கா?"ன்னு கேட்டுது. பந்தலே சிரிச்சுது. புருசனும் சிரிச்சாரு. தலைவரம்மாவும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் கையில இருந்த தண்ணி பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிட்டே இருந்தாங்க. நாலாவது கேள்விக்கும் புருசன்தான் பதில் சொன்னாரு. பாட்டி மறுபடி எழலை, நானும் எழலை.

நான் சொல்ற டார்க் காமெடி இதுதான். துப்பாக்கி, போதை மருந்து, ஆள் கடத்தல் எல்லாம் சினிமாவுல பார்த்தாச்சு. 'சூது கவ்வும்', 'கோலமாவு கோகிலா' ரெண்டும் எனக்குப் பிடிச்ச படம், குறை சொல்லலை. ஆனா பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தா அதைவிட இருட்டான சிரிப்பு கிடைக்கும். 2016 அக்டோபர்ல இருந்து 2019 கடைசி வரைக்கும் தேர்தலே நடத்தாம, தலைவரே இல்லாம ஓட்டுனாங்களே. அதை ஒருத்தர் கதையா எழுதியிருந்தா நம்பியிருப்பீங்களா? நம்ம மாவட்டத்துல அப்ப ஜெயிச்சவங்க பதவி 2025 ஜனவரி 5 ஓட முடியுது. அடுத்தது எப்பவோ.

இன்னும் ஒண்ணு சொல்லணும், இது சிரிப்பு இல்லை. காமெடி நாடகத்துக்குப் பேரு 'தலைவெட்டியான்'. நம்ம நாட்டுல பஞ்சாயத்துத் தலைவர் ஒருத்தர் தலையை நிஜமாவே வெட்டியிருக்காங்க. மதுரை மாவட்டம் மேலவளவு, 1997 ஜூன் 30. தாழ்த்தப்பட்டவங்களுக்கு ஒதுக்கின தலைவர் பதவிக்கு நின்னு ஜெயிச்சதுக்காக முருகேசனையும் கூட இருந்த அஞ்சு பேரையும் பஸ்ஸை மறிச்சுக் கொன்னாங்க. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல பத்து வருசம் ஒழுங்கா தேர்தல் நடக்கலை. ஊர்ப் பெரியவங்களே ஒரு ஆளை நிறுத்தி, ஜெயிக்க வச்சு, பதவி ஏத்ததும் ராஜினாமா எழுதி வாங்கிடுவாங்க. உதயச்சந்திரன் கலெக்டரா இருந்தப்ப, 2006லதான் அது முடிவுக்கு வந்துச்சு. 2020ல கூட கடலூர் பக்கம் தெற்குத்திட்டையில தலைவரம்மாவைத் தரையில உட்கார வச்ச போட்டோ பேப்பர்ல வந்துச்சு.

இதையெல்லாம் நாகா எடுத்திருப்பாருன்னு சொல்லலை. இந்திக் கதையை அப்படியே தமிழாக்கியிருந்தா இது எதுவும் இருக்காது. இந்தி கிராமத்துல சாதி ஓரமாத்தான் நிக்கும், அதான் எல்லாரும் நிம்மதியா சிரிக்க முடியுது. எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கு. நம்ம பக்கம் ஊராட்சி செயலர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான். மெட்ராஸ்ல இருந்து ஒரு பையன் வந்து நம்மளை வேடிக்கை பார்த்தா, சிரிப்பு யாரைப் பார்த்து வரும்? கிராமத்தான் விவரம் கெட்டவன்னு எட்டு பகுதியும் ஓட்டினா நான் ரெண்டாவதுலயே எழுந்து மாடு கட்டப் போயிடுவேன். அந்தப் புருசன் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறதைக் காட்டி, அதைப் பார்த்து நான் சிரிச்சு, அப்புறம் நானும் அந்தப் பந்தல்ல சும்மா உட்கார்ந்திருந்தேனேன்னு உறைச்சா, நாகா ஜெயிச்சாருன்னு சொல்லுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால் ஊத்திட்டு வந்ததும் லைன் வீட்டுக்குத்தான் போறேன். பிரைம் அங்கதான் இருக்கு. அன்னிக்குக் கதை சொல்ற வேலை என்னோடது, தமிழ் தெரியாத பசங்களுக்கு நான்தான் கையிலயும் வாயிலயும் சொல்லணும். ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கேன். சரின்னு தலையாட்டினாங்க. ஆட்டின விதத்தைப் பார்த்தா நம்பிக்கை இல்லை.